முதுகு வலிக்கு எந்த வரிசையில் வைத்தியம்?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் வரும் சந்தேகங்கள் எல்லாம் விண்டோஸ், பிரிண்டர், இன்டர்நெட் பற்றியவை. ஆறு மாதம் கழிந்தால் சந்தேகம் வேறு மாதிரி வருகிறது. "ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக் கொள்கிறது, எழுந்தால் நிமிர முடியவில்லை, என்ன செய்யலாம்?" இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதுகு வலி என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஒருவர் பெல்ட் கட்டு என்பார். மற்றொருவர் தரையில் பாய் விரித்துப் படு என்பார். மெடிக்கல் ஷாப்பில் நான்கு மாத்திரை கவரில் போட்டுத் தருவார்கள். படித்த உறவினர் ஒருவர் போனில், முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடு என்பார். இவற்றில் எது சரி? பல வைத்தியங்களுக்கு அதனதன் இடம் உண்டு. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை தெரியாததால்தான் பணமும் போகிறது, வலியும் நீடிக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? முதலில் பிளக் சரியாக இருக்கிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்து கேபினெட்டைத் திறக்க மாட்டீர்கள். ஆனால் உள்ளே இருந்து புகை வந்தால் எதையும் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவீர்கள். முதுகுக்கும் இதே வரிசைதான்.

முதுகின் அமைப்பு

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்துவிட்ட எலும்புகள் உள்ளன. எலும்புகளுக்கு இடையில் 23 டிஸ்க்குகள் மெத்தை போல இருக்கின்றன. ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் 13 நிலைகளாக அடுக்கப்பட்டதுதான். அது 236 அடி உயரத்தில் அசையாமல் நிற்பதற்காகக் கட்டியது. உங்கள் முதுகெலும்போ வளைவதற்கும் திரும்புவதற்கும் அமைந்தது. அசையாமல் வைத்திருப்பதுதான் அதற்குத் தொல்லை.

டிஸ்க்கின் உட்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்தில் உள்ள எலும்பிலிருந்து சத்து மெல்ல ஊறித்தான் அதற்குள் போக வேண்டும். நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவரது குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். ரத்தக் குழாய் வழியாக ஒரு மருந்தைச் செலுத்தி, அது டிஸ்க்குக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பல மணி நேரம் அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். டிஸ்க்குக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தட்டுதான் சத்து போகும் வாசல் என்பதைக் காட்டிய அந்த ஆராய்ச்சிக்கு 2004ல் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

பகல் முழுவதும் உடல் எடையைத் தாங்கும்போது டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் நீர் வெளியேறுகிறது. இரவு படுத்ததும் மீண்டும் ஊறிக் கொள்கிறது. அதனால்தான் காலையில் அளந்தால் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம். இப்படி நாள்தோறும் ஏறி இறங்கும் ஒரு பகுதி இது. கெட்டுப் போன ஹார்டு டிஸ்க்கைப் போல மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. சாதாரண முதுகு வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

முதலில் இதைப் பாருங்கள்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தப் பாடத்தின் மற்ற படிகள் உங்களுக்கு இல்லை. நேராக டாக்டரிடம் செல்ல வேண்டும்.

1. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக் கொள்வது, அல்லது தெரியாமலேயே சிறுநீர், மலம் போய்விடுவது.

2. உட்காரும் இடத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப் போவது.

3. கால் பலமிழந்து செருப்பு கழன்று விழுவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது.

4. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் வியர்த்தல் ஆகியவற்றோடு வரும் முதுகு வலி. நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது உண்டு. மருந்தால் குணமாகும் நோய் அது. தாமதம்தான் ஆபத்து.

5. கீழே விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வந்த வலி. வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, லேசாக வழுக்கி உட்கார்ந்தாலே எலும்பு நசுங்கலாம்.

6. முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகு வலி.

முதல் மூன்றும் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம். அவற்றுக்கு நாளைக் காலை வரை பொறுக்கக் கூடாது. இரவானாலும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். திருச்சியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனை. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் இருப்பவர்கள் காவிரிப் பாலம் தாண்டினால் போய்விடலாம்.

இப்படி எதுவும் இல்லை என்றால் நிம்மதியாக அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 1: படுத்துவிடாதீர்கள்

முதுகு பிடித்துக் கொண்டால் ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்காதே என்பது பழைய யோசனை. பின்லாந்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து இதைச் சோதித்து 1995ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் 2 நாள் முழு ஓய்வு எடுத்தார்கள். ஒரு பிரிவினர் முதுகுக்கான பயிற்சிகள் செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது பிரிவுதான்.

ஆகவே முதல் சில நாட்களில் கனமானதைத் தூக்காமல், வீட்டுக்குள்ளாவது அடிக்கடி நடமாடுங்கள். சூடு பொறுக்கிற அளவில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரியைத் தனியாளாக நகர்த்த வேண்டாம்.

தரையில் படுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு இரண்டு வகை மெத்தை கொடுத்துப் பார்த்து 2003ல் முடிவு சொன்னார்கள். மிகக் கெட்டியான மெத்தையை விட, நடுத்தரக் கெட்டி உள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. குழி விழுந்த பழைய மெத்தையை மாற்றுங்கள். அதற்காகப் பலகையில் படுக்க வேண்டும் என்பதில்லை.

மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு இவை கெடுதல் செய்யலாம். கவரில் பெயர் தெரியாமல் தரும் கலவை மாத்திரைகளை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. டாக்டர் எழுதிய சீட்டில் உள்ளதை, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள்.

படி 2: கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தைச் சரி செய்யுங்கள்

இதற்குப் பெரிய செலவு இல்லை. விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால்தான் வலி போகும் என்றும் இல்லை. வீட்டில் இருப்பதை வைத்தே செய்திடலாம்.

இடுப்பின் பள்ளத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில் பதியவில்லை என்றால் மணைப் பலகையைக் காலுக்கு அடியில் வையுங்கள். மேஜைக்கு அடியில் சி.பி.யு. கேபினெட்டும் யு.பி.எஸ்.ஸும் இடத்தை அடைத்துக் கொண்டு, கால்களை ஒரு பக்கமாகத் திருப்பி உட்கார வைக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இருக்கும் கோளாறு இதுதான். அவற்றை ஓரமாக நகர்த்துங்கள்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். பைஃபோகல் கண்ணாடி போடும் பெரியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப் பகுதி வழியாகப் பார்ப்பதால் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அவர்களுக்கு மானிட்டரைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். லேப்டாப் என்றால் நான்கு தடித்த புத்தகங்கள் மேல் வைத்துவிட்டு, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் இணையுங்கள்.

எழுத்து சிறியதாக இருந்தால் நம்மை அறியாமல் முன்னால் குனிவோம். இதைக் கம்ப்யூட்டரிலேயே சரி செய்யலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஸ்டார்ட் மெனு சென்று செட்டிங்ஸ், பிறகு சிஸ்டம், பிறகு டிஸ்பிளே என்று கிளிக் செய்திடவும். அங்கே ஸ்கேல் என்ற இடத்தில் 100 சதவீதம் என இருப்பதை 125 அல்லது 150 என மாற்றவும். இன்டர்நெட் பக்கத்தில் மட்டும் எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி பிளஸ் கீயைத் தட்டினால் போதும்.

எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் இருந்தால் முதுகு பிடித்துக் கொள்ளும். எனவே ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் கிளாக் என்று டைப் செய்திடவும். வரும் புரோகிராமில் டைமர் பகுதிக்குச் சென்று 30 நிமிடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மணி அடித்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கேம்ஸ் விளையாடும் பிள்ளைகளுக்கும் இதே டைமரை வைத்திடலாம்.

படி 3: நடை, பயிற்சி, பிசியோதெரபி

முதுகு வலியில் பெரிய தலைவலி, போன வலி திரும்பி வருவதுதான். ஆஸ்திரேலியாவில் மெக்குவாரி பல்கலைக்கழகத்தினர், முதுகு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2024ல் வெளியிட்டார்கள். சிலருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி, படிப்படியாக நடையைக் கூட்டச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கு 208 நாள் வரை தள்ளிப் போயிற்று. அவர்களுக்கு வைத்த இலக்கு, வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம்.

திருச்சிக்காரர்களுக்கு நடக்க இடமா இல்லை? ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் விடியற்காலையில் உத்திர வீதியைச் சுற்றி வரலாம். அது பழகிய பிறகு சித்திரை வீதி, அதன் பிறகு இன்னும் வெளியே அடையவளைந்தான் என்று சுற்றைப் பெரிதாக்கிக் கொண்டே போகலாம். வீதிகளே படிப்படியாகக் கூட்டுவதற்கு அமைந்திருக்கின்றன. மலைக்கோட்டைப் படிகளை மட்டும் வலி முழுவதும் அடங்கிய பின்பு வைத்துக் கொள்ளுங்கள்.

2 வாரம் கடந்தும் வலி குறையவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டிய நேரம் இது. அவர் உங்கள் வலிக்கு ஏற்ற பயிற்சியைச் சொல்லித் தருவார். புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்து எல்லோரும் ஒரே பயிற்சியைச் செய்வது சரியல்ல. ஒருவருக்குக் குனிந்தால் வலி, மற்றவருக்கு நிமிர்ந்தால் வலி. புத்தூர் அரசு மருத்துவமனையில் காலையிலேயே வெளிநோயாளி சீட்டு வாங்கி எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்க்கப்பட்டது. வீட்டில் அப்படிப் பெரியவர்கள் இருந்தால் பகுதி சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பஸ்ஸில் போக வேண்டி வந்தால் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் உட்காராதீர்கள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் இடுப்பில்தான் தெரியும்.

படி 4: பெல்ட், டிராக்ஷன், மசாஜ்

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு எது செய்யலாம், எது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டது. பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனத்துக்கான ஆலோசனை, மசாஜ், தேர்ந்தவர் செய்யும் முதுகெலும்பு அசைவுச் சிகிச்சை, சில வலி மாத்திரைகள் ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, அபின் வகை வலி மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது.

பெல்ட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். எலும்பு முறிவுக்கோ அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ டாக்டர் சொன்னால் அது வேறு. சாதாரண வலிக்கு நாள் முழுவதும் அதை நம்பி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எண்ணெய் தேய்ப்பது, சித்த மருத்துவம், வர்மம் இவற்றில் நம்பிக்கை உள்ளவர்கள் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் செல்லுங்கள். மேலே சொன்ன அபாய அடையாளங்கள் இருக்கும்போது முதுகை யாரும் மிதிக்கவோ, திருகவோ, சொடக்கு எடுக்கவோ விடாதீர்கள்.

படி 5: ஸ்கேன்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் பாதி உயிர் போய்விடுகிறது. ஆனால் வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? இப்படி 3,110 பேரின் படங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015ல் வந்தது. 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அவர்களில் யாருக்கும் வலி இல்லை. நரைமுடி போல அதுவும் வயதின் அடையாளமாக இருக்கலாம்.

எனவே அபாய அடையாளங்கள் இருந்தாலோ, 6 வாரம் ஒழுங்காகச் சிகிச்சை செய்தும் குறையாவிட்டாலோ, ஊசி அல்லது அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்கும்போதோ ஸ்கேன் எடுப்பது பயன் தரும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், உங்களைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, பலத்தைச் சோதிக்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 6: ஊசியும் அறுவைச் சிகிச்சையும்

இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வது போல வலித்தால் அதற்கு சியாட்டிகா என்று பெயர். பிதுங்கிய டிஸ்க் நரம்பைத் தொடுவதால் பெரும்பாலும் இது வருகிறது. முதுகெலும்புப் பகுதியில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு இந்தக் கால் வலியைச் சில வாரங்களுக்குக் குறைக்கும். அது நிரந்தரத் தீர்வு அல்ல. பயிற்சி செய்ய ஓர் இடைவெளி கொடுக்கும்.

அறுவைச் சிகிச்சை எப்போது? நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் வரை கடுமையான சியாட்டிகா இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே அறுவைச் சிகிச்சை. மற்ற பிரிவுக்கு மருந்து, பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. 2007ல் முடிவு வந்தது. சீக்கிரம் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்வது என்ன? கால் பலம் குறையவில்லை என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. வலி தாங்க முடியாமல் வேலைக்குப் போக முடியாதவர் சீக்கிரம் செய்து கொள்வதும் தவறில்லை. தாங்க முடிந்தவர் பொறுத்திருப்பதும் தவறில்லை. இரண்டில் எது உங்கள் குடும்பத்துக்கும் வேலைக்கும் ஒத்து வரும் என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். அறுவை என்று முடிவானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது வருமா என்று மருத்துவமனையில் கேட்க மறக்காதீர்கள்.

வீட்டுப் பாடம்

நோட்பேடைத் திறந்து கொள்ளுங்கள். எஃப் 5 கீயைத் தட்டினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். அதன் கீழே, வலி 10க்கு எவ்வளவு, எங்கே வலித்தது, அதற்கு முன் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்று எழுதி சேவ் செய்திடவும். தினமும் இரண்டு வரி போதும்.

2 வாரம் கழித்து அதைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொடுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் எழுதிக் கொண்டு போங்கள். இது எந்த வகை வலி? இந்தச் சிகிச்சை இல்லாமல் பொறுத்திருந்தால் என்ன ஆகும்? எந்த அடையாளம் தெரிந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?

"எப்போதிலிருந்து வலிக்கிறது?" என்று டாக்டர் கேட்டால் "ரொம்ப நாளா சார்" என்றுதான் நம்மில் பலர் சொல்கிறோம். கையில் இருக்கும் அந்த ஒரு தாள், அதைவிட நல்ல பதிலாக இருக்கும்.